பதினாறு வயதுக்குள்ளே

ஜிந்துப்பிட்டியிலே பிறந்து, ஜிந்துப்பிட்டியிலேயே தலை நரைத்தவன் நான். விளையாட்டுக்கும் எனக்கும் உள்ள உறவு மிகச் சொற்பமானது. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் முப்பது வருஷம் கணக்கெழுதிக் காலத்தை ஓட்டியவனுக்கு வேறு எதை ஓட்டத் தெரியும்? சிறுவனாக இருந்தபோது, சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் திருவிழாவில் சிதறு தேங்காய் பொறுக்க ஓடினேனே, அதுதான் நான் ஓடிய கடைசி ஓட்டம் என்று சொல்லலாம். அப்படிப்பட்டவன் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி எழுத வந்தால் படிப்பவர்கள் முறுவலிக்கத்தான் செய்வார்கள். முறுவலிக்கட்டும். நான் எழுதப் போவதில் பாதிதான் ஆட்டம்; மற்றப் பாதி, அந்த ஆட்டத்தை என் அருகில் உட்கார்ந்து பார்த்த ஒரு பெண்ணைப் பற்றியது.

2013ஆம் ஆண்டு, தீபாவளியை ஒட்டிய நாட்கள். பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் நவம்பர் நடுவில் கொழும்பில் வந்து கூடவிருந்தார்கள். அவர்களுடைய வரவை முன்னிட்டு நகரத்துக்கு ஒரே அலங்காரம். தெருக்களுக்குத் தார் விழுந்தது. மதில்களுக்கு வெள்ளை ஏறியது. எங்கள் சந்துக்கு மட்டும் இரண்டும் வரவில்லை என்பது வேறு விஷயம். அந்த ஆரவாரத்துக்கு நடுவே ஓசைப்படாமல் இன்னொரு கூட்டமும் கொழும்பில் வந்திறங்கியிருந்தது. ஆசியாவின் பல நாடுகளிலிருந்து வந்த பெண்பிள்ளைகள் கூட்டம். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்தாட்டச் சம்பியன் போட்டி அது. முதற் போட்டி 2009இல் இந்தியாவின் புனே நகரத்திலும், இரண்டாவது 2011இல் சீனத்து ஜினான் நகரத்திலும் நடந்தன. மூன்றாவது எங்கள் கொழும்புக்குக் கிடைத்தது. இதிலே முன்னணியில் வரும் அணிகள், மறு வருஷம் செக் நாட்டில் நடக்கவிருந்த பதினேழு வயதுக்குட்பட்டோரின் உலகப் போட்டிக்குப் போகும் உரிமையைப் பெறும்.

ஆட்டம் நடந்த சுகததாச உள்ளரங்கு எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. கொழும்பு மேயராகவும் பின்னர் அமைச்சராகவும் இருந்த சுகததாசவின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கின் ஒரு பகுதி அது. 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழாக்கள் அங்கேதான் நடந்தன. வாணவேடிக்கையை எங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே காலடி வைத்ததில்லை. ஜிந்துப்பிட்டிக்காரனுக்கு நாடகம், கூத்து, திருவிழா என்றால் நாலு மைல் நடப்பான். அந்தக் காலத்து நாடகக் கொட்டகையின் புகழைப் பேசிப் பேசியே வளர்ந்த பேட்டை இது. பந்தாட்டத்துக்காக இருபது நிமிஷம் நடக்க எங்களுக்குத் தோன்றியதில்லை.

என்னை நடக்க வைத்தவள் என் தங்கை.

அவளுடைய மகளுக்கு அப்போது பதினைந்து வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் பத்தாம் வகுப்பு. படிப்பில் நடுத்தரம், பந்து கையில் கிடைத்துவிட்டாலோ ஆளே வேறு. எங்கள் சந்து ஐந்தடி அகலம். ஒரு பக்கம் தங்கப் பட்டறையின் சுவர்; மறு பக்கம் வரிசையாக வீடுகள்; கோடியில் பொதுக் குழாய். பட்டறைச் சுவரின் மேலே எந்தக் காலத்திலோ ஒரு தண்ணீர்க் குழாயைத் தாங்கிய இரும்பு வளையம் ஒன்று துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வளையத்தைக் குறிவைத்துப் பந்தை எறிந்து எறிந்து, அது சுவரில் படும் சத்தத்தில் பட்டறைக்காரர் உளியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து கத்துவது அன்றாடக் காட்சி. வளையத்துக்குள் பந்து நுழையாது, பந்து பெரிது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வளையத்தின் விளிம்பில் பட்டாலே ஒரு கணக்கு வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் மாலை தங்கை என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அண்ணா, நீங்க தாய்மாமன். நீங்க சொன்னாக் கேப்பா. அந்தப் பந்தை விடச் சொல்லுங்க. அடுத்த வருஷம் ஓ.எல். பரீட்சை. மத்தப் பிள்ளைங்க எல்லாம் ரியூசனுக்குப் போகுது. இவ காற்சட்டை போட்டுக்கிட்டு மைதானத்தில நிக்கிறா. தோட்டத்தில நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க."

தாய்மாமன் என்ற சொல்லுக்கு எங்கள் குடும்பங்களில் உள்ள கனம் படிப்பவர்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அந்தப் பெண் பெரியவளானபோது தட்டு வரிசையும் பட்டுச் சேலையும் கொண்டுபோய் வைத்தவன் நான். அந்தச் சேலையை அவள் கட்டியது ஒரே ஒரு நாள். அது அலுமாரியிலும் பந்து கட்டிலுக்கடியிலுமாக அந்த வீட்டில் அருகருகே இருந்தன.

"சொல்கிறேன்" என்றேன்.

சொல்வதற்கு ஒரு தந்திரமும் கண்டுபிடித்தேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. பத்திரிகையில் அந்தப் போட்டியைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. இவளைக் கூட்டிக்கொண்டு போய், வெளிநாட்டு அணிகள் ஆடுவதைக் காட்டுவோம். ஆறடி உயரப் பெண்கள் பறந்து பறந்து பந்து போடுவதைப் பார்த்தால், 'நாம் எம்மாத்திரம்' என்று தானாகவே அடங்கிவிடுவாள். நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை! இப்படிக் கணக்குப் போட்டேன்.

தீபாவளி உடுப்பு எடுப்பதாகத் தங்கையிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். ஜம்பட்டா வீதியில் ஏறிக் கொட்டாஞ்சேனைப் பக்கமாக நடந்தோம். பண்டிகைச் சந்தடி. பட்டாசுக் கடைகளையும் பலகாரக் கடைகளையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. அவள் பத்தடி முன்னே போய் நின்று நின்று என்னைக் கூட்டிப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டவை வெறும் ஆசனங்கள்தாம். எங்கோ சில வரிசைகளில் பாடசாலைப் பிள்ளைகள், கீழ்ப்படிகளில் பெற்றோர் போலத் தோன்றிய சிலர், மற்றபடி வெறுமை. கிரிக்கெட் என்றால் மரத்தின் மேல் ஏறி நின்று பார்க்கும் நகரம் இது. ஆசியாவின் தேர்ந்த பெண்பிள்ளைகள் வந்து ஆடுகையில், சந்துக்குச் சந்து தோரணம் கட்டிய கொழும்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கு அதனால் நல்ல இடம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டக்களம் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். பலகைத் தரை விளக்கொளியில் தேய்த்த வெண்கலம் போலப் பளபளத்தது. என்னருகில் இருந்தவள் அந்தத் தரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தையோ ஆடுபவர்களையோ பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, "மாமா, விழுந்தா முட்டி தேயாது" என்றாள். அவளுடைய முழங்கால்களில் இருந்த தழும்புகள் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

ஒரு பக்கம் சீனப் பிள்ளைகள். மறு பக்கம் ஜப்பான் பிள்ளைகள். சீனத்து அணியில் நான் எதிர்பார்த்த நெட்டைகள் இருந்தார்கள். வளையம் தரையிலிருந்து பத்தடி உயரம்; அவர்கள் கையை நீட்டினால் மீதம் இருந்தது கொஞ்சந்தான். 'சரி, தந்திரம் பலித்தது' என்று எண்ணிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நெட்டைகளைப் பார்க்கவே இல்லை. ஜப்பான் அணியில், எங்கள் சந்துப் பிள்ளைகளின் உயரமே இருந்த ஒருத்தி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வந்தாள். அவள் வந்த வேகத்தில் எதிரே நின்ற இரண்டு நெட்டைகளும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளாத குறை. பந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய், எங்கிருந்தோ வந்த இன்னொருத்தியின் கைக்கு மாறி, வளையத்துக்குள் விழுந்தது.

"பாத்தீங்களா மாமா? அந்தப் பிள்ளை என்னைவிட உயரமில்லை."

என் தந்திரம் அந்த இடத்திலேயே செத்தது.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பாடம். நடுவர் திடீரென்று ஊதுகுழலை ஊதிப் பந்தை எதிர் அணிக்குக் கொடுத்துவிட்டார். யாரும் யாரையும் தள்ளியதாக எனக்குத் தெரியவில்லை. "இதென்ன அநியாயம்!" என்று நான் முணுமுணுத்தேன். வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பெண், அன்று வாய் ஓயாமல் பேசினாள். வளையத்துக்குக் கீழே வர்ணம் பூசிய கட்டத்துக்குள் தாக்கும் அணியினர் ஒருவர் மூன்று விநாடிக்குமேல் நிற்கலாகாது. தன் பாதிக் களத்திலிருந்து பந்தை மறு பாதிக்கு எட்டு விநாடிக்குள் கொண்டுபோய்விட வேண்டும். பந்து கைக்கு வந்ததிலிருந்து 24 விநாடிக்குள் அது வளையத்தில் பட வேண்டும். தவறினால் பந்து எதிராளிக்கு. ஐந்து தவறு செய்தவர் வெளியே போய் உட்கார வேண்டும். பத்து நிமிஷம் வீதம் நான்கு பகுதி. ஆண்களுக்கு ஏழாம் நம்பர் பந்து, பெண்களுக்கு அதைவிடச் சற்றுச் சிறிய ஆறாம் நம்பர்.

கணக்கப்பிள்ளைக்கு இந்த இலக்கங்கள் பிடித்துப் போயின. எல்லாவற்றிலும் அந்த 24 விநாடி எனக்கு வியப்பாக இருந்தது. "அவ்வளவு அவசரம் எதற்கு? ஆற அமர யோசித்துப் போட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"முந்தி அப்படித்தானாம் மாமா. முன்னுக்கு நிக்கிற அணி பந்தைக் கையில வெச்சுக்கிட்டே நேரத்தைப் போக்கிடுமாம். அதனாலதான் இந்தச் சட்டம்."

இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பாடசாலையில் இருந்த ஒரு பழைய விதிப் புத்தகத்தைத் தானாகவே படித்தாளாம். பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைத் திறக்காதவள்!

பின்னாளில் நானும் அந்த விளையாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் கூரைக்குக் கீழே அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக இதை உண்டாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் அறைந்தார். அந்தக் கைப்பிடி தற்செயலாகப் பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றுவரை உலகம் முழுவதும் அதே பத்தடிதான். கூடைக்கு அடிப்பகுதி உண்டாகையால் ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்தார்களாம். இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தார் வழியாக அது நாடு நாடாகப் பரவியது. அச்சங்கத்தைச் சேர்ந்த ஹாரி பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியிலிருந்து நம் பக்கத்துக்கும் பல ஆட்டங்களுக்கு ஆசிரியர்கள் கிடைத்தார்கள்.

பெண்களின் கதைதான் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது. நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடித்து மறு வருஷமே, செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்குக் கற்பித்தார். 1893இல் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஆடவருக்கு அனுமதியில்லை. களம் முழுவதும் ஓடினால் பெண்களின் உடல் தாங்காது என்பது அக்காலத்து எண்ணம். ஆகவே களத்தை மூன்று கூறாகப் பிரித்துக் கோடு போட்டார்கள். ஒருத்தி தன் கூறைத் தாண்டக் கூடாது; எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. அந்த வழியில், இங்கிலாந்தில் பெண்களுக்கென்றே தனி விளையாட்டாக உருவானதுதான் வலைப்பந்தாட்டம். ஆங்கிலேயர் ஆண்ட இடங்களிலெல்லாம் பெண்கள் பாடசாலைகளில் அது வேரூன்றியது. எங்கள் நாட்டிலும் அப்படியே. கோடுகள் இன்னும் இருக்கின்றன. பெண்கள் ஐந்து பேராக முழுக் களத்திலும் ஓடி ஆடும் முறையை அமெரிக்கக் கல்லூரிகள் 1971இல்தான் ஏற்றன. ஆடவர் கூடைப்பந்து 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்களுடையது அதில் சேர்வதற்கு மேலும் நாற்பது வருஷம், 1976 மொன்ட்ரியல் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை இவை எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தக் களத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொருத்திக்கும் என் மருமகளின் வயது. தங்கள் நாட்டின் பெயரை மார்பில் தாங்கி, விமானமேறி வந்து, எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறார்கள். 'பதினாறு வயதுக்குட்பட்டோர்' என்று உலகம் தேடிப் பிடித்து எண்ணத் தொடங்குகின்ற வயது எதுவோ, அதே வயதில்தான் எங்கள் சந்தில் பெண்களின் பெயர் ஆட்டத்திலிருந்து அடிக்கப்படுகிறது. ஓ.எல். பரீட்சை என்பார்கள், ரியூசன் என்பார்கள், 'பெரிய பிள்ளை' என்பார்கள். யாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். என் தங்கையைப் போல் மகள்மேல் உயிரை வைத்திருப்பவள் கிடையாது. ஆனாலும் எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு வயதுவரை பையன்களை விரட்டி விரட்டிப் பந்தடித்த எத்தனை பெண்களைப் பார்த்திருக்கிறேன்! அவர்களில் பதினாறு வயதில் பந்தைத் தொட்டவள் ஒருத்தியும் என் நினைவில் இல்லை. முப்பது வருஷம் பேரேடு எழுதியவன். இந்தக் கணக்கு மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

இலங்கை அணி இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடியது. அதன் ஆட்டம் ஒன்றையும் இன்னொரு மாலை போய்ப் பார்த்தோம். இந்தத் தடவை தந்திரம் ஏதுமில்லை, நானே "போகலாமா?" என்று கேட்டேன். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு சிங்களத் தாய், மடியில் தண்ணீர்ப் போத்தலும் துவாலையுமாக உட்கார்ந்திருந்தார். களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி அவர் மகள். ஒவ்வொரு தடவை அந்தப் பெண் விழும்போதும் இவர் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை மகளுக்குத் தனி எறிவு இரண்டு கிடைத்தது. களம் முழுதும் அசையாமல் நிற்க, அவள் கோட்டில் நின்று எறிந்தாள். முதலாவது தவறியது. இரண்டாவதும் தவறியது. தாயின் முகம் போன போக்கைப் பார்த்து, நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பரவாயில்லை அம்மா, பிள்ளை நன்றாக ஆடுகிறாள்" என்றேன். அவர் திரும்பி, என் மருமகளைப் பார்த்துவிட்டு, "உங்கள் மகளும் ஆடுகிறவளா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே, "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள்.

போட்டி முடிந்தது. முதல் வரிசை இடங்களெல்லாம் கிழக்காசிய நாடுகளுக்கே போயின. வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள்.

தங்கை கேட்டாள்: "சொன்னீங்களா அண்ணா?"

இந்த இடத்தில் நான் வீரனாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். அவள் ஆடட்டும், நான் பொறுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும்; அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இருந்தது. தாய்மாமனின் சொல் அந்த வீட்டில் செல்லும். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. பரீட்சையில் பிள்ளை தவறிவிட்டால் பழி என் தலையில் விழுமே என்ற பயம். இரு பக்கமும் நோகாத ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தேன்.

"பரீட்சை முடியட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

தங்கைக்கு நிம்மதி. மகள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

பரீட்சை 2014 டிசம்பரில் நடந்தது. நல்ல பெறுபேறு. அதற்குள் அவளுக்குப் பதினாறு வயது நிறைந்திருந்தது. 'பிறகு' என்று நான் சொன்னேனே, அந்தப் பிறகு வந்தபோது பந்து கேட்பார் யாருமில்லை. நானும் நினைவூட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. உயர்தரம் வந்தது, வேலை வந்தது, கலியாணம் வந்தது. இப்போது வத்தளையில் குடியிருக்கிறாள். ஒரு கம்பெனியில் கணக்குப் பகுதியில் வேலை, என் தொழில்தான்.

2018 செப்டம்பரில் இலங்கை வலைப்பந்தாட்ட அணி சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயர் ஊரெல்லாம் ஒலித்தது. ஆறடிக்கு மேல் பத்து அங்குலம் உயரம். 2009இல் மலேசியாவில் வென்ற அணியிலும் இருந்தவர். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் மற்றெல்லா நாட்டாரையும்விட அதிகக் கோல்கள் போட்டவர். சிங்கப்பூர் வெற்றியன்று இரவு மருமகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, செய்தி பாத்தீங்களா?" என்றாள். ஆட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்குத்தான் தொண்டையில் ஏதோ நின்றது.

போன தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கட்டிலை நகர்த்தியபோது பந்து வெளியே உருண்டது. காற்றிறங்கி, ஒரு பக்கம் சப்பையாகி, எங்கள் பட்டறைச் சுவரின் காரை இன்னும் அதில் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை ஒன்று, பதினொரு வயது, வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது. "தாத்தா, அதை நான் எடுத்துக்கட்டா?" என்றது. சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். காற்றுத் தங்கவில்லை. உள்ளே ஓட்டை, இனி ஆகாது என்றார் கடைக்காரர்.

மறுநாள் புறக்கோட்டைக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடையில் பந்துகள் வலைக்குள் தொங்கின. எனக்குத்தான் விஷயம் தெரியுமே என்ற மிடுக்கில், "பெண்பிள்ளைக்கு, ஆறாம் நம்பர் கொடுங்கள்" என்றேன். கையில் வாங்கிய பிறகு, எதற்கும் கேட்டுவிடலாம் என்று வத்தளைக்கு அழைத்தேன். யாருக்குப் பந்து என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எத்தனை வயசு மாமா?"

"பதினொன்று."

"அப்ப ஆறு பெருசு. அஞ்சாம் நம்பர் வாங்குங்க. அந்தப் பட்டறைச் சுவர்ல இருக்கிற வளையத்தையும் கழட்டச் சொல்லுங்க. பழைய வளையம், பந்து உள்ள போகாது. ஞாயித்துக்கிழமை நான் வந்து நல்லதா ஒண்ணு மாட்டித் தாறேன்."

ஆறாம் நம்பரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.